ஏட்டில் கற்றது வீட்டில் விளங்கட்டும்

சாந்தோக்கிய உபநிடதத்தின் ஏழாம் அத்தியாயம் ஒரு மாணவரின் வருகையோடு தொடங்குகிறது. வந்தவர் சாதாரண மாணவரல்லர், தேவரிஷி நாரதர். அவர் நாடி வந்த ஆசிரியர் சனத்குமாரர். தமக்கு உபதேசிக்க வேண்டும் என்று நாரதர் பணிந்து கேட்டார். இதுவரை கற்றவை எவை என்பதை முதலில் கூறும்படியும், அதற்கு மேற்பட்டதைப் பிறகு சொல்வதாகவும் சனத்குமாரர் பதிலளித்தார்.

நாரதர் தாம் கற்றவற்றை வரிசையாகக் கூறலானார். நான்கு வேதங்கள், இதிகாச புராணங்கள், இலக்கணம், கணிதம், தர்க்கம், நீதி நூல், போர்க்கலை, வானியல், நுண்கலைகள் என்று அந்த வரிசை நீள்கிறது. இன்றைய பல்கலைக்கழகம் ஒன்றின் துறைகள் பலவும் அந்த ஒருவரிடமே குடிகொண்டிருந்தன என்று சொன்னால் மிகையாகாது. ஆயினும் அவ்வளவையும் கூறி முடித்த நாரதரிடம் பெருமிதம் தோன்றவில்லை, வேதனையே தோன்றியது. சொற்களைத் தாம் அறிந்திருப்பதாகவும், ஆன்மாவை அறியவில்லை என்றும், ஆன்மாவை அறிந்தவன் துயரத்தைக் கடக்கிறான் என்று பெரியோர் வாயிலாகக் கேட்டிருந்தும் தாம் துயரத்திலேயே இருப்பதாகவும் அவர் மனம் திறந்து கூறினார்.

சனத்குமாரர் அந்தக் கல்வி முழுவதையும் ஒரே சொல்லால் குறித்தார்: 'பெயர்'. கற்றவை யாவும் பெயர்களே என்றார். ஆனால் அவற்றைத் தூக்கி எறியும்படி அவர் சொல்லவில்லை என்பது ஊன்றிக் கவனிக்கத்தக்கது. பெயரிலிருந்தே தொடங்கச் சொன்னார். பெயரினும் உயர்ந்தது வாக்கு, வாக்கினும் உயர்ந்தது மனம் என்று ஒவ்வொரு படியாக ஏற்றி, எல்லையற்றதாகிய பூமாவில் கொண்டு சேர்த்தார். கற்ற கல்வி வீணன்று. அதிலேயே நின்றுவிடுவதுதான் வீண் என்பதே அந்த உபதேசத்தின் உட்பொருள்.

திறந்த கதவு

நாரதரின் நிலை இன்று வீட்டுக்கு வீடு காணப்படுகிறது. ஒரு காலத்தில் பல்கலைக்கழகக் கல்வி சிலருக்கே எட்டும் கனியாக இருந்தது. அந்த நிலையை மாற்றிய முயற்சிகளுள் ஒன்றுக்கு ஹைதராபாத் நகரம் இருப்பிடமாகத் திகழ்கிறது. அன்றைய ஆந்திரப் பிரதேச அரசு 1982-ஆம் ஆண்டு ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியது. நம் நாட்டில் அவ்வகையில் தோன்றிய முதல் பல்கலைக்கழகம் அதுவே. 1991-இல் அது டாக்டர் பி. ஆர். அம்பேத்கர் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாற்றம் பெற்றது. அதன் முதல் துணைவேந்தராக இருந்த பேராசிரியர் ஜி. ராம் ரெட்டி, 1985-இல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகவும் பணியாற்றினார்.

பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர்களும் தகுதித் தேர்வு ஒன்றை எழுதிப் பட்டப் படிப்பில் சேர அப்பல்கலைக்கழகம் அந்நாளில் வழி வகுத்தது. வறுமையால் பாதியில் பள்ளியை விட்டவர்கள், பகல் முழுவதும் உழைத்துவிட்டு இரவில் மட்டுமே புத்தகத்தைத் திறக்க முடிந்தவர்கள், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பின் கல்வி ஆசையை நினைவுகூர்ந்த தாய்மார்கள் ஆகியோருக்கு அது திறந்த கதவாயிற்று. அங்கே பாடம் மாணவனின் வீட்டுக்கு அஞ்சலில் சென்றது. அடுப்படியும் கடைத்திண்ணையும் அவனுக்கு வகுப்பறைகளாயின.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பாடப்புத்தகம் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. பாடம் வாழ்வுக்குள் நுழைந்ததா? முதலாண்டுப் பொருளியல் படித்தவனின் வீட்டில் கடன் குறைந்ததா? உளவியலின் தொடக்கப் பாடங்களைப் படித்தவனின் சினம் தணிந்ததா? தத்துவ அறிமுகம் கற்றவனின் அச்சம் சிறிதேனும் விலகியதா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று முன்னோர் சொல்லி வைத்தது இந்தக் கேள்வியைத்தான். சுரைக்காயை வரைந்த கை, அதைப் பயிரிடவும் கற்க வேண்டும்.

கேட்டல், சிந்தித்தல், தெளிதல்

வேதாந்தம் கற்கும் முறையை மூன்று படிகளாக வகுக்கிறது. சிரவணம் என்பது ஆசிரியரிடம் முறையாகக் கேட்டல். மனனம் என்பது கேட்டதை அறிவால் அலசி ஐயம் நீங்கச் சிந்தித்தல். நிதித்யாசனம் என்பது தெளிந்த உண்மையில் இடைவிடாது நிலைத்திருத்தல். பிரம்ம ஞானத்துக்காக வகுக்கப்பட்ட படிகள் இவை. எனினும் உலகக் கல்வியும் இந்தப் படிகளில் ஏறினால்தான் பயன் தருகிறது.

பெரும்பாலான மாணவர்கள் முதற்படியிலேயே தேர்வு எழுதிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். கேட்டதைக் கேட்டபடி விடைத்தாளில் ஒப்புவித்தால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. தேர்வு மண்டபத்தின் வாயிலைத் தாண்டியதும், கற்றதும் கழன்றுவிடுகிறது.

மனனம் நிகழ்ந்ததா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கற்ற கருத்தைச் சொந்த மொழியில், கலைச்சொற்களின் துணையின்றி, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு விளக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் கருத்து தன்னுடையதாகிவிட்டது. முடியாவிட்டால் அது இன்னும் புத்தகத்துக்கே சொந்தம்.

இந்த உண்மையை ஹைதராபாத் நூறாண்டுகளுக்கு முன்பே ஒரு பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது. 1918-இல் தொடங்கிய உஸ்மானியாப் பல்கலைக்கழகம், உயர்கல்வியை ஆங்கிலத்தில் அன்றி உருது மொழியில் கற்பிக்க முனைந்தது. அதற்கென ஒரு மொழிபெயர்ப்புத் துறையே அமைக்கப்பட்டு, அறிவியல், மருத்துவம், பொறியியல், வரலாறு முதலியவற்றுக்கான நூல்களும் கலைச்சொற்களும் உருவாக்கப்பட்டன. 1948-க்குப் பிறகு பயிற்று மொழி ஆங்கிலமாக மாறியது. நகரில் தெலுங்கு, மராத்தி, கன்னடம், தமிழ் பேசுவோருக்கு அந்த உருதுவும் தாய்மொழி அன்று என்பதும் உண்மையே. ஆயினும் இந்திய மொழி ஒன்றில் உயர்கல்வியின் கருத்துகளைச் சிந்திக்க முடியும் என்பதை அந்த முயற்சி காட்டிச் சென்றது. அரசு செய்த அந்த மொழிபெயர்ப்பை ஒவ்வொரு மாணவனும் தன் உள்ளத்துக்குள் செய்தாக வேண்டும். பாடத்தின் மொழியிலிருந்து வாழ்வின் மொழிக்குக் கருத்தைக் கொண்டுவருவதே மனனம்.

கொசுவின் வயிற்றில் ஓர் உண்மை

மூன்றாம் படியான இடைவிடா முயற்சிக்கும் அதே நகரம் ஒரு சான்றை வழங்குகிறது. உத்தராகண்டில் உள்ள அல்மோராவில் 1857-இல் பிறந்த ரொனால்ட் ராஸ், இந்திய மருத்துவப் பணியில் படை மருத்துவராக இருந்தார். விடுப்பில் இங்கிலாந்து சென்றபோது, 1888-89-இல் நுண்ணுயிரியலில் குறுகிய காலப் பயிற்சி ஒன்றைப் பெற்றார். 1894-இல் இலண்டனில் பேட்ரிக் மேன்சன் என்னும் மருத்துவரைச் சந்தித்தார். மலேரியாக் காய்ச்சலுக்கும் கொசுவுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்ற தம் கொள்கையை மேன்சன் அவரிடம் விளக்கினார். அது நிரூபிக்கப்படாத ஒரு கருத்து மட்டுமே.

1895-இல் ராஸ் இந்தியா திரும்பிச் செகந்திராபாத்தில் பணியேற்றார். அங்கே கொசுக்களை நோயாளிகள் மீது கடிக்கவிட்டு, பிறகு அவற்றை ஒவ்வொன்றாக அறுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். இரண்டாண்டுகள் கழிந்தன. விடை கிடைக்கவில்லை. காரணம் எளியது. அவர் எடுத்துக்கொண்ட கொசுக்கள் மலேரியாவைப் பரப்பும் இனத்தைச் சேர்ந்தவை அல்ல. கொள்கை சரியாக இருந்தது. அதைச் சோதித்த இடம்தான் தவறு.

1897 ஆகஸ்டில், சிறகுகளில் புள்ளிகள் கொண்ட வேறு வகைக் கொசுக்கள் சில கிடைத்தன. ஆகஸ்ட் 20-ஆம் நாள், அத்தகைய கொசு ஒன்றின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியின் அடையாளத்தை ராஸ் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளைக் கொண்டு ஆராய்ந்து, கொசு கடிப்பதாலேயே நோய் பரவுகிறது என்பதையும் நிறுவினார். கொசு மடிந்து கிடக்கும் நீரைக் குடிப்பதால் நோய் வரலாம் என்று மேன்சன் எண்ணியிருந்த பகுதி தவறெனத் தெரிந்தது. 1902-இல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் ஆராய்ந்த கட்டடம் பேகம்பேட்டையில் இன்றும் நினைவுச் சின்னமாக நிற்கிறது.

சாதகனுக்கு இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. கற்ற தத்துவம் வாழ்வில் உடனே பலிக்கவில்லை என்றால், தத்துவம் பொய் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அதைப் பயன்படுத்திய இடமும் முறையும் சரியா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு வாரம் தியானம் செய்துவிட்டு மனம் அடங்கவில்லை என்று நூலைக் குறை கூறுபவன், விடை கிடைக்காமலும் விடாது கொசு அறுத்தவரை நினைத்துக்கொள்ளலாம். மற்றொன்று, செயலில் இறங்கியவனுக்கே தத்துவத்தின் குறையும் தெரியவரும், திருத்தமும் கைகூடும். கரையில் நின்று நீச்சல் நூலை விமரிசிப்பவனுக்கு இரண்டும் கிட்டா.

தாயின் தள்ளுவண்டி

ஆய்வுக்கூடம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வீடு எல்லோருக்கும் உண்டு. வீட்டில் இது எவ்வாறு நிகழும் என்பதற்கு ஓர் உவமைக் கதை.

செகந்திராபாத்தின் ஒரு தெருவில் தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் ஒரு தாய். அவளுடைய மகள் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு வணிகவியல் படிக்கிறாள். தாய் நாள்தோறும் விடியற்காலையில் ஒருவரிடம் 950 ரூபாய் வாங்கி, மொத்தச் சந்தையில் சரக்கு எடுப்பாள். மாலையில் 1,000 ரூபாயாகத் திருப்பித் தருவாள். வட்டி பற்றிய பாடத்தைப் படித்த அன்று மகள் கணக்குப் போட்டாள். நாளொன்றுக்கு நூற்றுக்கு ஐந்து ரூபாய்க்கும் மேல் வட்டி. ஆண்டில் 300 நாள் வண்டி ஓடினால் வட்டியாக மட்டும் 15,000 ரூபாய். அந்தத் தொகையும் 950 ரூபாய்க்கு மிகாத முதலுக்காக!

மகள் துள்ளி எழுந்தாள். நாளுக்குப் பத்து ரூபாய் சேர்த்தால் 95 நாளில் சொந்த முதல் சேர்ந்துவிடும் என்று காகிதத்தில் எழுதித் தாயின் முன் நீட்டினாள். "இத்தனை வருஷமாக ஏமாந்திருக்கிறாயே, அம்மா!" என்றாள்.

தாய் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "எனக்குக் கணக்குத் தெரியாது என்றா நினைத்தாய், கண்ணு? உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த ராத்திரி, கேட்ட உடனே கொடுத்தவர் அவர் ஒருவர்தான். பத்து ரூபாய் மிச்சம் பிடி என்று உன் புத்தகம் சொல்கிறது. எதிலிருந்து பிடிப்பது என்று அதில் எழுதியிருக்கிறதா?"

மகளிடம் பதில் இல்லை. அன்றிரவு அவளுக்கு உறக்கம் வரவில்லை. பாடம் பிழையன்று. ஆனால் தாயின் நன்றியுணர்வுக்கும் அச்சத்துக்கும் பாடத்தில் இடம் ஒதுக்கப்படவில்லை. அதைவிட, தான் கற்றதைத் தாயைத் தாழ்த்தும் கருவியாகப் பயன்படுத்தியதை எண்ணி அவள் வெட்கினாள். எதிலிருந்து பிடிப்பது என்ற கேள்விக்கான விடையும் அப்போது தெரிந்தது. நாள்தோறும் மாலையில் தோழியரோடு கடையில் குடிக்கும் தேநீரை மறுநாள் முதல் விட்டாள். அந்தக் காசில் பத்து ரூபாய் ஒரு மண் உண்டியலில் விழத் தொடங்கியது. தாயிடம் அவள் எதுவும் சொல்லவில்லை.

96-ஆம் நாள் விடியற்காலையில் உண்டியல் உடைந்தது. தாய் அன்று சொந்தப் பணத்தில் சரக்கு எடுத்தாள். கடன் கொடுத்தவரிடம் நேரில் சென்று, ஆபத்தில் உதவியதற்கு நன்றி கூறி, இனி வேண்டியதில்லை என்று பணிவாகச் சொல்லிவிட்டு வந்தாள். நாளுக்கு 50 ரூபாய் கையில் நின்றது. அப்போது தாயே மகளைக் கேட்டாள்: "இப்படியே போட்டு வைத்தால் இன்னொரு 950 சேர எத்தனை நாளாகும்?" பத்தொன்பது நாள் என்றாள் மகள். "அப்படியானால் அடுத்த உண்டியல் பக்கத்து வண்டிக்காரிக்கு" என்றாள் தாய்.

இக்கதையில் சிரவணம் புத்தகத்திலிருந்து வந்தது. மனனம் தாயின் கேள்வியால் நிகழ்ந்தது. நிதித்யாசனம் 95 மாலைகள் தேநீரைத் துறந்ததில் இருந்தது. வட்டிக் கணக்கு அனைவரும் படிக்கும் பாடம். அதைத் தியாகமாக மாற்றியபோதுதான் அது கல்வியாயிற்று. அந்தத் தியாகம் பக்கத்து வண்டிக்கும் எட்டியபோது அது சேவையாயிற்று.

முதற்சோதனை தன்னிடமே

தொடக்கப் பாடங்களைக் கற்பவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. சிறிதளவு அறிவு கிட்டியதும், அதைக் கொண்டு பிறரை அளக்கத் தோன்றும். உளவியலின் முதல் நூலைப் படித்தவன் மாமியாருக்கும் மேலாளருக்கும் நோய்ப் பெயர் சூட்டுகிறான். சமூகவியல் படித்தவன் அண்டை வீட்டாரை வகைப்படுத்துகிறான். வேதாந்த வகுப்புக்கு ஒரு மாதம் சென்றவன், துன்பத்தில் அழுகிறவரிடம் எல்லாம் மாயை என்கிறான். மருந்தின் பெயரைக் கற்றுக்கொண்டவன், அதைத் தான் உண்ணாமல் தெருவெங்கும் விநியோகிப்பது போன்றது இது.

கற்றதை முதலில் தன்னிடமே சோதித்துப் பார்ப்பதுதான் பாதுகாப்பான வழி. 1998-இல் ஹைதராபாத்தில் தொடங்கப்பட்ட சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகம், பொறியியல் மாணவர்களுக்கு மனித விழுமியங்கள் பற்றிய பாடத்தையும் தன் பாடத்திட்டத்தில் சேர்த்தது. சொல்லப்படும் கருத்தை நம்பு என்று வற்புறுத்தாமல், மாணவன் தன் உள்ளத்திலும் உறவுகளிலும் அதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அத்தகைய பாடங்களின் அணுகுமுறை. கணிப்பொறி நிரலில் பிழை தேடத் தெரிந்த இளைஞன், தன் சினத்தின் பிழையையும் அதே பொறுமையோடு தேடக் கற்றால் அது நல்ல தொடக்கமே.

பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயம், ஞானத்தாலும் விஞ்ஞானத்தாலும் நிறைவு பெற்றவனை யோகி என்று குறிப்பிடுகிறது. நூல்களால் அறிவது ஞானம். அதைத் தன் அனுபவமாக்கிக்கொள்வது விஞ்ஞானம் என்று ஆதிசங்கரர் அங்கே பொருள் விரிக்கிறார். இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் நிறைவு பிறக்கிறது. நாரதரிடம் முன்னது நிரம்பியிருந்தது. பின்னது இல்லாததால்தான் துயரம் மிஞ்சியது.

வகுப்பறையிலிருந்து தட்சிணேசுவரத்துக்கு

1881-ஆம் ஆண்டு, கல்கத்தாவின் கல்லூரி ஒன்றில் ஆங்கிலக் கவிதை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வோர்ட்ஸ்வொர்த்தின் கவிதையில் வரும் பரவச நிலையை முதல்வர் வில்லியம் ஹேஸ்டி விளக்கினார். அத்தகைய நிலையை அடைந்த ஒருவரைக் காண விரும்பினால் தட்சிணேசுவரம் சென்று இராமகிருஷ்ண பரமஹம்சரைப் பார்க்கலாம் என்றும் அவர் குறிப்பிட்டார். வகுப்பில் பலர் இருந்தனர். குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டு அத்துடன் விட்டுவிடுவது மாணவர் பலரின் இயல்பு. நரேந்திரன் என்ற மாணவர் அப்படி விட்டுவிடவில்லை. நேரில் சென்றார். இறைவனைக் கண்டதுண்டா என்று கேட்டார். ஆம் என்ற விடை கிடைத்த பின்னும் உடனே நம்பிவிடாமல், ஆண்டுக்கணக்கில் குருவைச் சோதித்தார்; தம்மையும் சோதித்துக்கொண்டார்.

அதே நரேந்திரன் சுவாமி விவேகானந்தராக 1893 பிப்ரவரியில் ஹைதராபாத்துக்கு வந்தார். 13-ஆம் நாள் செகந்திராபாத்தின் மஹபூப் கல்லூரியில், மேலை நாடு செல்லும் தம் நோக்கம் குறித்து உரையாற்றினார். சிகாகோ சர்வமத மகாசபைக்கு ஏழு மாதங்களுக்கு முன் நிகழ்ந்தது அது. ஒரு கல்லூரிப் பாடத்தின் ஓரத்தில் சொல்லப்பட்ட ஒரு குறிப்பை மெய்யா என்று பார்க்கப் புறப்பட்ட கால்கள், பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த மேடைக்கு வந்து சேர்ந்திருந்தன.

ஒரு பாடம், ஒரு செயல்

தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லியில் ஓர் அழகிய பகுதி உண்டு. வாய்மை, தவம், புலனடக்கம், விருந்தோம்பல், இல்லறக் கடமை என்று நற்பண்புகளை ஒவ்வொன்றாகக் கூறும் அந்தப் பகுதி, ஒவ்வொன்றோடும் கற்றலையும் கற்பித்தலையும் விடாமல் இணைக்கிறது. கல்வியைத் தனியே ஒரு பருவத்துக்கும், ஒழுக்கத்தை வேறொரு பருவத்துக்கும் அது ஒதுக்கவில்லை. விருந்தினருக்கு உணவு பரிமாறும் கையே ஏட்டையும் ஏந்த வேண்டும் என்பது அதன் கருத்து.

எனவே பட்டம் பெற்ற பின் வாழத் தொடங்கலாம் என்று எந்த மாணவனும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பாடம் முடிந்ததும், இன்று என் வீட்டில் இதற்கு இடம் எங்கே என்று தன்னைக் கேட்டுக்கொள்வது போதும். சுகாதாரம் படித்தவன் தண்ணீர்த் தொட்டியை மூடி வைக்கட்டும். தர்க்கம் படித்தவன் தன் வாதத்தின் ஓட்டையைத் தானே ஒப்புக்கொள்ளட்டும். வரலாறு படித்தவன் வீட்டுப் பெரியவரின் அருகில் அமர்ந்து அவர் கதையைக் கேட்கட்டும். கீதை படித்தவன் பலனை எண்ணாமல் அன்றைக்கு ஒரு வேலையைச் செய்து முடிக்கட்டும்.

சனத்குமாரர் இன்று ஒரு மாணவனைக் கண்டாலும், கற்றவை எவை என்றே முதலில் கேட்பார். மதிப்பெண் பட்டியலை நீட்டினால் அவர் புன்னகை செய்யக்கூடும். மூடிய தண்ணீர்த் தொட்டியையும், தணிந்த ஒரு சினத்தையும், பக்கத்து வண்டிக்காக நிரம்பிக்கொண்டிருக்கும் ஓர் உண்டியலையும் காட்டினால், அமரச் சொல்லி, அதற்கு மேற்பட்டதை அவர் சொல்லத் தொடங்குவார்.